‘டிஜிட்டல் கைது’ என்று தலைப்பு வைக்கும்போது யாருடைய சொல்லை எழுதுகிறோம்?

பொருநைக்கரை

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

என் சித்தப்பா தபால் துறையில் 34 வருடம் வேலை பார்த்தவர். தபால்காரராகச் சேர்ந்து, சப் போஸ்ட்மாஸ்டராக ஓய்வு பெற்றார். சித்தி தவறிய பிறகு வீட்டில் தனியாக இருக்கிறார். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவருக்கு ஒரு போன். அவர் பெயரில் மும்பையிலிருந்து வெளிநாட்டுக்குப் போன பார்சலில் போதைப்பொருள் பிடிபட்டதாம். அடுத்து வாட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு. காக்கிச் சட்டை, பின்னால் சுவரில் நான்முகச் சிங்கம், ஓயாத வாக்கி டாக்கி இரைச்சல். “உங்களை டிஜிட்டல் கைது செய்கிறோம். கேமராவை விட்டு நகரக் கூடாது. யாரிடமும் பேசக் கூடாது.” இரண்டு பகல், ஒரு இரவு. கழிவறைக்குப் போகக்கூட அனுமதி கேட்டிருக்கிறார். வைப்புத்தொகையை உடைத்து, “சரிபார்த்துத் திருப்பித் தருவோம்” என்று சொன்ன கணக்குகளுக்கு 11 லட்சம் ரூபாய் அனுப்பிவிட்டார்.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “போன்ல எப்படி சித்தப்பா கைது பண்ண முடியும்?” அவர் எழுந்து உள்ளே போய் பழைய பேப்பர் கட்டை எடுத்து வந்தார். மூன்று தாள்களைத் தனியே மடித்து வைத்திருந்தார். மூன்றிலும் தலைப்பு ஒரே வார்ப்பு: மூதாட்டியை டிஜிட்டல் கைது செய்து இத்தனை லட்சம் மோசடி. “பேப்பர்லயே டிஜிட்டல் கைதுன்னு போட்டிருக்கான்லா. நவம்பர் மாசம் பென்ஷனுக்கு உயிரோட இருக்கேன்னு செல்போன்ல மொகத்தக் காட்டுனா போதும்னான். அப்படியே காட்டுனேன், ஏத்துக்கிட்டான். மொகத்தக் காட்டி உயிரோட இருக்கேன்னு சொல்ல முடியும்னா, மொகத்தக் காட்டி கைதும் பண்ண முடியும்னு நெனச்சேன்.”

“மோசடின்னும் போட்டிருக்கே?” என்றேன். அதற்கு அவர் சொன்ன பதில் இன்னும் என் நெஞ்சில் நிற்கிறது. போலி டாக்டர் பிடிபட்டார் என்றால் டாக்டர் தொழிலே பொய் என்று ஆகாதே, அதுபோல அந்த மூதாட்டியிடம் போலி போலீஸ் டிஜிட்டல் கைது செய்திருக்கிறான், தன்னிடம் பேசியவர் அசல் போலீஸ் என்று எண்ணியிருக்கிறார்.

சித்தப்பா படிப்பறிவில்லாதவர் அல்ல. 40 வருடமாகப் பேப்பரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிக்கிறவர். அப்படிப் படித்ததால்தான் அந்தச் சொல் அவருக்குள் போயிருக்கிறது. சட்டத்தில் இல்லாத ஒன்றுக்குத் திருடன் வைத்த பெயர் அது. அதைத் தினமும் அச்சடித்து அரசாங்க நடைமுறை மாதிரி ஆக்கியது யார்?

செய்தியில் புதிது புதிதாக வரும் இப்படிப்பட்ட சொற்களை இங்கே கொண்டு வாருங்கள். எந்தச் சொல் யார் வாயிலிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

மேசைத்தமிழ்

தம்பி, உங்கள் சித்தப்பாவுக்காக வருந்துகிறேன். 28 வருடம் நாளிதழ் மேசையில் இருந்தவன் நான். இந்தத் தலைப்பை நானே வைத்திருக்கிறேன். அதனால் இது எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

இரவு 10 மணிக்கு நிருபர் அனுப்பிய செய்தி வருகிறது. இரண்டு பத்தி அகலம்தான் இடம். அதில் தலைப்பு இரண்டு வரி, வரிக்கு ஏறக்குறைய 15 எழுத்து. ‘காவல்துறையினர் போல நடித்து வீடியோ அழைப்பில் மிரட்டி’ என்று எழுத இடம் கிடையாது. ‘டிஜிட்டல் கைது’ இரண்டே சொல்லில் முடிகிறது. முதன்முதலில் வந்தபோது ஒற்றை மேற்கோள் குறிக்குள் போட்டோம். அந்தக் குறிதான் “இது எங்கள் சொல் அல்ல” என்று வாசகருக்குச் சொல்லும் ஒரே அடையாளம். சில மாதம் போனதும், “எல்லாருக்கும்தான் தெரிந்துவிட்டதே” என்று குறியை எடுத்துவிட்டோம். குறி போன அன்றைக்கு அந்தச் சொல் எங்கள் சொல்லாகிவிட்டது. டீக்கடையில் ஒருவர் சத்தமாகப் படித்து மற்றவர்கள் கேட்கும்போது குறி இருந்தாலும் காதில் விழாது என்பது வேறு.

1942இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா.ஆதித்தனார், பேச்சில் புழங்கும் தமிழைக் கொச்சை நீக்கி எழுத வேண்டும் என்றார். ரிக்‌ஷாக்காரரும் எழுத்துக்கூட்டிப் படித்தது அதனால்தான். ‘கம்பி நீட்டினார்’, ‘கைவரிசை’, ‘அபேஸ்’ எல்லாம் அந்த வழியில் வந்தவை. அவை தெருவில் மக்கள் திருடனைப் பற்றிப் பேசும் சொற்கள். ‘டிஜிட்டல் கைது’ திருடன் தன்னைப் பற்றிப் பேசும் சொல். இந்த வித்தியாசம் மேசையில் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தோன்றவில்லை. இப்போது படிக்கையில் தோன்றுகிறது.

சட்டம்_மூன்றாமாண்டு

சட்டப்படி கைது என்றால் என்ன என்பதை எல்லாரும் தெரிந்துகொள்ளட்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 43ஆம் பிரிவு, கைது செய்பவர் கைதாகிறவரின் உடலைத் தொட வேண்டும், அல்லது அடைத்து நிறுத்த வேண்டும் என்கிறது. அவரே சொல்லாலோ செயலாலோ காவலுக்கு உட்பட்டால் தொட வேண்டியதில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46ஆம் பிரிவிலும் இதேதான் இருந்தது. ஆள் நேரில் இருக்க வேண்டும். கேமரா கைது என்று ஒரு வரி எங்கேயும் கிடையாது.

சம்மன் விஷயத்தில் ஒரு நுட்பம் உண்டு. நீதிமன்ற சம்மன் மின்னணு வழியில் வர இப்போதைய சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் விசாரணைக்கு ஆஜராகச் சொல்லி 35ஆம் பிரிவின் கீழ் காவல்துறை கொடுக்கும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது.

உள்துறை அமைச்சகம் 2024 மே மாதமே இந்த மோசடி பற்றி எச்சரித்தது. அந்த வருடம் அக்டோபர் 27 அன்று பிரதமர் தன் வானொலி உரையில், சட்டத்தில் இப்படி ஒரு கைதே இல்லை என்றார். 2025 அக்டோபரில் அம்பாலாவைச் சேர்ந்த முதிய தம்பதி எழுதிய கடிதத்தை வைத்து உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் இப்படிப் பறிபோயிருப்பதாக அங்கே பேசப்பட்டது. டிசம்பர் 1 அன்று நாடு முழுவதற்குமாக சிபிஐ விசாரிக்க உத்தரவானது.

பொருநைக்கரை அண்ணா, இணைய மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைத்தீர்களா?

பொருநைக்கரை

அழைத்தோம் தம்பி. இரண்டாம் நாள் சாயங்காலம்தான் எனக்கே தெரியவந்தது. உடனே 1930க்குப் போன் செய்து புகார் எண் வாங்கினோம். ஒரு கணக்கில் நின்றிருந்த 1 லட்சத்து 80 ஆயிரத்தை முடக்கி வைத்திருக்கிறார்கள். மற்றதெல்லாம் அரை மணி நேரத்துக்குள் பல கணக்குகளுக்குப் பிரிந்து போயிருக்கிறது.

சொல்லேருழவன்_77

இந்தச் சிக்கலின் வேர் ஆங்கிலத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. ‘டிஜிட்டல்’ என்று அப்படியே எழுதுவதால்தான் ஏதோ பெரிய தொழில்நுட்பம் போல மயக்கம் வருகிறது. ‘மின்னிலக்கக் கைது’ அல்லது ‘எண்மக் கைது’ என்று நல்ல தமிழில் எழுதலாமே. பல வருடங்களாகக் கலைச்சொற்களைச் சேகரித்து வருகிறேன். செய்திகளில் தமிழ்ச் சொல் வந்தாலே பாதித் தெளிவு வந்துவிடும்.

மேசைத்தமிழ்

ஐயா, உங்கள் உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ‘பேருந்து’ம் ‘இணையம்’ம் ‘கணினி’யும் இப்படித்தான் வந்தன. ஆனால் இங்கே பொய்யாக இருப்பது ‘டிஜிட்டல்’ அல்ல, ‘கைது’. ‘எண்மக் கைது’ என்று எழுதினால் அந்தப் பொய்க்கு அரசிதழ் வேட்டி கட்டிவிட்டது போல் ஆகும். உங்கள் சொல்லைப் பார்த்த சித்தப்பா இன்னும் சீக்கிரம் நம்பியிருப்பார்.

சொல்லேருழவன்_77

யோசித்துப் பார்த்தேன். நீங்கள் சொல்வது சரி. ஒரு சொல்லை மொழிபெயர்க்கும் முன் அது உண்மையா என்று கேட்க வேண்டும் என்பதை இத்தனை வருடத்தில் நான் எழுதி வைத்துக்கொள்ளவே இல்லை. என் பட்டியலிலிருந்து ‘எண்மக் கைது’வை எடுத்துவிட்டேன்.

கிளை_அலுவலர்

வங்கியில் வேலை பார்க்கிறேன். எந்த வங்கி என்பது வேண்டாம். என் பங்குக்கு ஒரு சொல்: ‘மியூல் அக்கவுண்ட்’.

திருட்டுப் பணத்தைக் கைமாற்ற இன்னொருவர் பெயரில் இருக்கும் கணக்கு. பொருநைக்கரை சொன்னாரே, அரை மணி நேரத்தில் பல கணக்குகளுக்குப் பிரிந்துவிட்டது என்று, அந்தக் கணக்குகள்தான். மியூல் என்றால் கோவேறு கழுதை, சுமை தூக்குகிற பிராணி. செய்திகளில் ‘மியூல் அக்கவுண்ட் வழக்கில் மாணவர் கைது’ என்று வருகிறது. படிக்கிற ஒரு தாய்க்கு இதில் என்ன விளங்கும்?

போன வருடம் ஒரு பையன் கவுண்டருக்கு வந்தான். கல்லூரி அடையாள அட்டை கழுத்தில் தொங்குகிறது. கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது, ஏன் என்று கேட்டான். திரையைப் பார்த்தால் ஒரே நாளில் 6 லட்சம் வந்து, ஒரே நாளில் வெளியே போயிருக்கிறது. மெதுவாக விசாரித்தேன். நண்பனின் நண்பன் கேட்டானாம், பாஸ்புக்கும் ஏடிஎம் கார்டும் சிம்மும் ஒரு மாதத்துக்குக் கொடு, 5,000 தருகிறேன் என்று. “கணக்க வாடகைக்கு விட்டேன் சார், தப்பா?” என்று கேட்டான். அவன் வாயிலிருந்து வந்த அந்த ‘வாடகை’தான் சரியான சொல் என்று அன்றைக்கே தோன்றியது. ‘வாடகைக் கணக்கு’ என்று எழுதினால் அடுத்த பையனுக்கு யாராவது 5,000 நீட்டும்போது, “இதைத்தானே பேப்பரில் போட்டிருந்தான்” என்று உறைக்கும். கழுதைக்கு உறைக்காது.

அந்தப் பையனின் அம்மா மறுநாள் வந்தார். இட்லிக் கடை வைத்திருப்பவர். கையில் செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டு, இந்த ‘மியூல்’ என்பது என்ன நோயா என்று என்னிடம் கேட்டார். நிஜமாகவே அப்படித்தான் கேட்டார்.

கிள்ளான்_வாசி

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். இங்கே நிலைமை வேறு மாதிரி என்று நினைக்காதீர்கள். காவல்துறை, நீதிமன்றம் என்று சொல்லி போனில் மிரட்டிப் பணம் பறிப்பதற்கு இங்கே ‘மக்காவ் மோசடி’ என்று பெயர். மலாய், ஆங்கில, தமிழ் செய்திகள் எல்லாவற்றிலும் இதே பெயர்தான். மக்காவ் என்பது சீனக் கடற்கரையில் ஓர் ஊர். அந்த ஊர்ப் பெயரைக் கேட்டால் சூதாட்டம்தான் நினைவுக்கு வரும். என் மாமியார் பல வருடங்களாக அந்தச் செய்திகளைச் சூதாட்டச் செய்தி என்று தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்.

நீங்கள் மியூல் என்பதை மலாயில் ‘அக்காவுன் கெல்டாய்’ என்கிறார்கள். கெல்டாய் என்றால் கழுதை. ஆக இங்கேயும் கழுதைதான். மோசடிக்கு ஆளானால் இங்கே அழைக்க வேண்டிய எண் 997.

இன்னொரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும், இதில் நல்லது ஒன்று நடந்திருக்கிறது. இணையத்தில் காதல் பேசி, நம்பிக்கை வளர்த்து, பொய் முதலீட்டில் பணத்தைப் போட வைத்து மொத்தமாகச் சுருட்டுவதைச் சீன மோசடிக் கும்பல்கள் ‘ஷா ஜூ பான்’ என்று சொல்லும். பன்றியைக் கொழுக்க வைத்து வெட்டுவது என்று பொருள். உலகச் செய்தி முழுக்க ‘பன்றி வெட்டு மோசடி’ என்று அதையே மொழிபெயர்த்தது. பணத்தை இழந்து நிற்கிற மனிதரைக் கும்பல்காரன் பன்றி என்றான், செய்தியும் பன்றி என்றது. தன்னைப் பன்றி என்று எழுதுவார்கள் என்று தெரிந்தால் யார் காவல் நிலையத்துக்குப் போவார்? 2024 டிசம்பரில் இன்டர்போல் இந்தச் சொல்லைக் கைவிடுங்கள் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டது. பாதிக்கப்பட்டவரை இழிவுபடுத்துகிறது, புகார் கொடுக்க விடாமல் தடுக்கிறது என்பதே அவர்கள் சொன்ன காரணம். பதிலுக்குக் ‘காதல் தூண்டில்’ என்னும் பொருளில் ஒரு சொல்லைத் தந்தார்கள். பொருநைக்கரை முதல் பதிவில் கேட்ட கேள்வியும் அவர்கள் கேட்டதும் ஒன்றுதான்.

பொருநைக்கரை

இது எனக்குத் தெரியாது. மிக்க நன்றி. சித்தப்பா முதல் ஒரு வாரம் காவல் நிலையத்துக்கு வர மறுத்தார். “என்னப் பாத்து சிரிப்பானுவ” என்றார்.

வடமராட்சிப்பிள்ளை

இலங்கையில இருந்து எழுதிறன். உங்கட கதையள வாசிக்க வாசிக்க எனக்கு வேற ஒரு சொல்லுத்தான் ஞாபகத்துக்கு வருது. இது காசுக் களவு இல்லை, ஆனா சொல்லுத் தர்க்கம் ஒண்டுதான் எண்டபடியால் எழுதிறன்.

எங்கட பக்கம் ‘வெள்ளை வான்’ எண்டு ஒரு சொல் இருக்கு. இலக்கத்தகடு இல்லாத வெள்ளை வானில ஆக்களை ஏத்திக்கொண்டு போவினம். போனவை திரும்பி வரேல்லை. செய்தியில ‘வெள்ளை வானில் கடத்தல்’ எண்டு வரும். வானின்ர நிறம் எல்லாருக்கும் தெரியும், ஓட்டினது ஆர் எண்டு ஒருத்தரும் எழுதேல்லை. எழுதியிருந்தா எழுதினவரையும் அதே வான் ஏத்தியிருக்கும், அதால பத்திரிகைக்காரரை நான் குறை சொல்லேல்லை. கடைசியில அது வாகனத்தின்ர பேராவே நிண்டுபோச்சு. இண்டைக்கும் ஊரில வெள்ளை வான் ஒண்டு வேலியோரம் மெல்லப் போனா என்ர அம்மா படலையைச் சாத்திப்போடுவா.

இதுக்கு எதிர்ப்பக்கமா ஒண்டு. முந்தி எல்லாப் பேப்பரும் ‘காணாமல் போனோர்’ எண்டுதான் எழுதினவை. 2017 பெப்ரவரி 20இல கிளிநொச்சியில அம்மாமார் கொட்டில் போட்டுத் தொடர் போராட்டத்தில இருந்தவை. அவையின்ர பதாகையில இருந்தது ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’. “என்ர பிள்ளை சந்தையில வழி தவறிக் காணாமல் போகேல்லை, பிடிச்சுக்கொண்டு போனவை” எண்டு கேக்கிற ஒவ்வொருத்தருக்கும் திருத்திச் சொல்லுவினம். ‘போ’ எண்ட வினை தானாப் போறது. ‘ஆக்கு’ எண்டா ஆக்கினவன் ஒருத்தன் இருக்கோணும். ஒரு வினைச்சொல்லை மாத்தினதோட ஆக்கினவன் ஆர் எண்ட கேள்வி தானா வந்து நிக்குது. அரசாங்கம் 2016இல சட்டம் போட்டு அமைச்ச அலுவலகத்தின்ர தமிழ்ப் பேர் ‘காணாமற்போன ஆட்கள்’ எண்டுதான் இருக்கு. தமிழ்ப் பத்திரிகையள் அம்மாமாரின்ர சொல்லை எடுத்திட்டினம்.

மேசைத்தமிழ்

தங்கையா தம்பியா தெரியவில்லை, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன்.

எங்கள் பக்கத்திலும் ஒரு வினை இருக்கிறது: ‘வழுக்கி விழுந்தார்’. பிடிபட்டவர் காவல் நிலையக் கழிவறையில் வழுக்கி விழுந்தார், கை உடைந்தது, மாவுக்கட்டு போடப்பட்டது. இந்த வரியை எத்தனை முறை அச்சுக்கு அனுப்பினேன் என்று கணக்கில்லை. போகப்போக ‘மாவுக்கட்டு’ என்ற ஒற்றைச் சொல்லே போதும் என்றானது. கட்டோடு நிற்கும் புகைப்படம், கீழே ஒரு வரி. வாசகர்கள் சிரித்தார்கள், மீம் போட்டார்கள். அந்தச் சிரிப்பு வரும் என்று தெரிந்துதான் நாங்களும் எழுதினோம். எலும்பு முறிப்பதற்கு ஒரு மருத்துவப் பெயர் கொடுத்து அதைச் சாதாரணமாக்கியதில் என் கையும் இருக்கிறது.

2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் அடிபட்ட அப்பா ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் இறந்தபோது, தரையில் உருண்டதால் அவர்களுக்கு உள்காயம் ஏற்பட்டது என்று முதல் தகவல் அறிக்கையில் எழுதியிருந்தது. ‘விழுந்தார்’, ‘உருண்டார்’. தானாக நடப்பதைச் சொல்லும் வினைகளுக்கு நாங்கள் ஏற்கெனவே பழகியிருந்தோம். அந்த அறிக்கையில் இருப்பதை அப்படியே எடுத்து எழுத முதல் நாள் யாருக்கும் கூசவில்லை. அந்தக் குடும்பத்தின் உறவினர்களும் சாத்தான்குளம் வணிகர்களும் தெருவில் இறங்கிய பிறகுதான் வினை மாறியது.

நாகை_துறைமுகம்

எல்லாரும் புதுச் சொல் என்றாலே திருட்டுச் சொல் என்பது போலப் பேசுகிறீர்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் மீனவர் வீட்டுப் பிள்ளை.

‘நாகை துறைமுகத்தில் 3ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது’ என்று செய்தி வரும். வெளியூர்க்காரருக்கு அது ஒரு புதிர். மொத்தம் 11 எண்கள். 1 என்றால் தூரத்தில் புயல் உருவாகக்கூடிய நிலை இருக்கிறது என்று அறிவிப்பு. 3 என்றால் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரப்போகிறது. 8, 9, 10 எல்லாம் பெரும் ஆபத்து. கம்பத்தில் கூண்டு ஏறியிருக்கிறதைப் பார்த்த உடனே எங்க அப்பா வலையைச் சுருட்டச் சொல்லிவிடுவார், படகைக் கரையேற்ற ஆள் கூப்பிடுவார். பகலில் கூண்டு, ராத்திரியில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்கு. அது தொழில்காரர் சொல். அதை யாரும் எளிமையாக்க வேண்டாம்.

எனக்குச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ‘மிக கனமழை’, ‘அதி கனமழை’ இரண்டில் எது பெரிசு என்று பத்துப் பேரைக் கேளுங்கள். வானிலை ஆய்வு மையத்தின் அளவுப்படி 24 மணி நேரத்தில் 12 முதல் 20 செ.மீ. வரை மிக கனமழை, அதற்கு மேலே போனால் அதி கனமழை. ‘மிக’வும் ‘அதி’யும் நம் பேச்சில் ஒன்றுதானே? வித்தியாசம் தெரியாமல் எப்படி ஒருவர் வீட்டைக் காலி பண்ணுவார்? இதில் சென்டிமீட்டரைப் பக்கத்திலேயே போட்டுவிட்டால் முடிந்தது. சில சேனல்கள் ஒரு மணி நேரம் பெருமழை பெய்தாலே ‘மேகவெடிப்பு’ என்கின்றன. ஒரு மணி நேரத்தில் 10 செ.மீ. என்று அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கணக்கைப் பார்க்காமல் சொல்லைத் தூக்கிப் போட்டால், நிஜமாகவே மேகம் வெடிக்கிற அன்றைக்கு ஜனங்கள் நம்ப மாட்டார்கள்.

பொருநைக்கரை

நியாயமான கருத்து அண்ணா. கூண்டு எண் கடலுக்குப் போகிறவர் உயிரைக் காக்கிறது, அதைத் தந்தது அவருக்காக வேலை செய்கிற துறைமுகம். நான் முதலில் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டது தவறுதான்.

தென்னங்கீற்று

உங்கள் பேச்சில் ஒரு சொல் வரவில்லையே என்று இவ்வளவு நேரம் காத்திருந்தேன். நான் உடுமலைப் பக்கத்துக்காரி. ‘ஆணவக் கொலை’.

முன்பெல்லாம் ‘கௌரவக் கொலை’ என்றுதான் எல்லாச் செய்தியிலும் வரும். சாதி மாறிக் கல்யாணம் செய்த பெண்ணை, பையனைக் கொன்றவன் தன் செயலுக்கு வைத்த பெயர் கௌரவம். அதைச் செய்தியும் எழுதியது. 2006இல் லதா சிங் வழக்குத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இந்தக் கொலைகளில் கௌரவம் என்று ஒன்றும் இல்லை என்று சொன்னது. ஆனால் நீதிமன்றம் சொன்னதால் மட்டும் தமிழில் சொல் மாறவில்லை. தலித் இயக்கங்கள், பெண்கள் அமைப்புகள், சில எழுத்தாளர்கள் மேடைக்கு மேடை ‘ஆணவக் கொலை’ என்று சொல்லிச் சொல்லி மாற்றினார்கள். செய்தியாளர் ‘கௌரவக் கொலை’ என்று கேள்வி கேட்டால், பதில் சொல்லுமுன் சொல்லைத் திருத்துவார்கள்.

2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, சாதி மாறிக் கல்யாணம் செய்த சங்கரை வெட்டினார்கள். அந்தக் கண்காணிப்பு கேமரா காட்சியைத் தமிழ்நாடு முழுக்கப் பார்த்தது. எங்கள் வீட்டில் அப்பா தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே, “என்ன கௌரவம் வேண்டிக் கிடக்குது இதுல” என்றார். அவர் சாதிப் பெருமை பேசாதவர் அல்ல. அவர் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்ததை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு நாளிதழ்களில் ‘ஆணவக் கொலை’ நிலைத்துவிட்டது. 2025 அக்டோபரில் இதற்கான தனிச்சட்டம் பற்றிப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். ‘ஆணவம்’ என்பது இப்போது அரசின் சொல்லாகவும் ஆகிவிட்டது.

ஆகவே மாற்ற முடியாது என்று யாரும் சொல்லாதீர்கள். மாற்றியிருக்கிறோம். சொல் மாறியதால் கொலை நிற்கவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் கொன்றவன் பக்கம் நின்று பேசுகிற சொல் ஒன்று தமிழ்ச் செய்தியிலிருந்து போயிருக்கிறது.

புதுமுகம்_19

இடையில் ஒரு சின்னக் கேள்வி. ஆக்ஸ்ஃபோர்டு 2025க்கான ஆண்டின் சொல்லாக ‘ரேஜ் பெய்ட்’ என்பதைத் தேர்ந்தெடுத்த செய்தி தமிழில் பலவிதமாக வந்தது. ‘கோபத் தூண்டல்’ என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். நம் பேச்சில் இதற்கு ஒரு சொல் இல்லையா?

சொல்லேருழவன்_77

‘வம்புக்கு இழுக்கிறது’ என்று நம் வீட்டில் சொல்வோமே, அதேதான் தம்பி. வேண்டுமென்றே கோபமூட்டும் பதிவு போடுகிறவரை ‘வம்பிழுக்கிறார்’ என்று எழுதிப் பாருங்கள், எல்லாருக்கும் விளங்கும். இந்தச் சொல்லை என் பட்டியலில் சேர்க்கிறேன்.

கிளை_அலுவலர்

மேசைத்தமிழ் ஐயா, ஒரு யோசனை கேட்கிறேன். ‘டிஜிட்டல் கைது’க்குப் பதிலாக இரண்டு பத்தி அகலத்தில் அடங்குகிற மாதிரி என்ன எழுதலாம்?

மேசைத்தமிழ்

நேற்று இரவு தாளும் பென்சிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், பழைய பழக்கம். ‘போலி போலீஸ் மிரட்டல்’. எண்ணிப் பார்த்தால் ‘டிஜிட்டல் கைது’வை விட மூன்று நாலு எழுத்துதான் கூட. ‘போலி போலீஸ் மிரட்டல்: மூதாட்டியின் 40 லட்சம் பறிப்பு’. இடம் போதும். இடம் இல்லை என்று இத்தனை நாள் நான் சொன்னது சாக்குதான். என்னோடு வேலை பார்த்து இன்னும் மேசையில் இருக்கிற இருவருக்கு இதை அனுப்பியிருக்கிறேன். ஒருவர் பார்க்கிறேன் என்றிருக்கிறார். இன்னொருவர் இனி உடல் செய்தியில் முதல் பத்தியிலேயே ‘சட்டத்தில் இப்படி ஒரு கைது இல்லை’ என்ற வரியைச் சேர்ப்பதாகச் சொன்னார்.

சட்டம்_மூன்றாமாண்டு

‘பறிப்பு’ என்பது சட்டப்படியும் சரியாக இருக்கிறது ஐயா. பயமுறுத்திப் பணம் வாங்குவது மிரட்டிப் பறித்தல் என்னும் குற்றத்துக்குள் வரும். ‘இழந்தார்’ என்று எழுதும்போது குற்றம் செய்தவனே வாக்கியத்தில் இல்லாமல் போய்விடுகிறான்.

பொருநைக்கரை

இன்று ஞாயிற்றுக்கிழமை. சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். எல்லாப் பதிவுகளையும் அவருக்கு வாசித்துக் காட்டினேன். வடமராட்சிப்பிள்ளை எழுதியதை வாசிக்கும்போது நிறுத்தச் சொல்லி, “அந்த ‘ஆக்கு’ங்கத இன்னொரு தடவ வாசி” என்றார். வாசித்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

புகார் மனுவின் நகலை எடுத்து வரச் சொன்னார். அதில் ‘ரூ.11 லட்சத்தை இழந்துவிட்டேன்’ என்று நான்தான் தட்டச்சு செய்திருந்தேன். “நான் இழக்கலடே. புடுங்குனானுவ. புடுங்குனானுவன்னு எழுது” என்றார். திங்கட்கிழமை கூடுதல் மனு ஒன்று கொடுக்கப் போகிறோம். அதை அவரே எழுதுகிறார்.

கிளம்பும்போது பார்த்தேன், செல்போனைச் சார்ஜ் போடுகிற இடத்துக்கு மேலே சுவரில் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறது. மணியார்டர் படிவத்தில் எழுதுகிற அதே நிதானமான கையெழுத்தில், கறுப்பு மையில் இரண்டு வரி:

கைது செய்ய வேண்டுமென்றால் வீட்டுக்கு வரவும்.
1930